தட்டிப் பார்த்து வாங்கும் தொப்பி

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம்மவர் வாக்கு. சிரசே பிரதானம் என்றால், அதன்மேல் ஏறி உட்காரும் பொருளுக்கும் கொஞ்சம் பெருமை உண்டுதானே? மன்னர்களின் கிரீடத்துக்கும் பெரியவர்களின் தலைப்பாகைக்கும் எத்தனையோ கதைகள் இருக்கின்றன. ஆனால் கவிழ்த்து வைத்த சிறு சட்டியைப் போன்ற ஒரு கறுப்புத் தொப்பிக்கும் பெரிய கதை உண்டு. அது வேட்டைக் காட்டுக்காகப் பிறந்து, பட்டறையிலும் வங்கியிலும் வளர்ந்து, சினிமாவில் உலகப் புகழ் பெற்று, இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கொலுவிருக்கிறது.

சார்லி சாப்ளினைத் தெரியாதவர் இல்லை. தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, பெரிய பூட்ஸ், கையில் வளையும் பிரம்பு, தலையில் ஒரு குட்டித் தொப்பி. 1914-ல் அந்த வேடம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் கமல்ஹாசன் 'சாப்ளின் செல்லப்பா'வாக வந்தபோது நம் தமிழ் ரசிகர்களும் அந்தத் தொப்பியைக் கண்டு கைதட்டினார்கள். அதற்குப் பெயர் 'பௌலர்'.

தபால்தலையும் நாணயமும் சேர்ப்பவர்களைப் போல, பழைய பௌலர் தொப்பிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் லண்டன் போர்டபெல்லோ சாலைச் சந்தைக்குப் போனால், மும்பை சோர் பஜாரில் நம்மவர்கள் பழைய கிராமபோனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல, அங்கே தொப்பியைத் திருப்பிப் பார்ப்பவர்களைக் காணலாம். உள்ளே பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், விரல் முட்டியால் மெல்லத் தட்டியும் பார்ப்பார்கள். மண்பானை வாங்கப் போன நம் வீட்டுப் பெண்கள் தட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பானை கீறியிருந்தால் சத்தம் சொல்லிவிடும். தொப்பியும் அப்படியே!

காவற்காரர்களுக்காகப் பிறந்தது

லண்டன் மாநகரில் செயின்ட் ஜேம்ஸ் தெரு 6-ம் எண்ணில் 'லாக் அண்ட் கம்பெனி' என்ற தொப்பிக் கடை இருக்கிறது. 1676-ல் தொடங்கிய கடை. கடற்படைத் தளபதி நெல்சனுக்குத் தொப்பி செய்து கொடுத்த கடை என்றால் அதன் வயதை ஊகித்துக் கொள்ளலாம்.

1849-ம் ஆண்டு இந்தக் கடைக்கு எட்வர்ட் கோக் என்ற பிரபு குடும்பத்தவர் வந்தார். நார்போக் மாவட்டத்தில் ஹோக்கம் என்ற பெரிய பண்ணை அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அங்கே வேட்டைக் காடுகளைக் காக்கும் காவற்காரர்கள், அந்தக் கால வழக்கப்படி, புகைபோக்கி போன்ற உயர்ந்த தொப்பி அணிந்து குதிரைமேல் போவார்கள். தாழ்ந்த கிளைகளில் பட்டுத் தொப்பி கீழே விழும், நசுங்கும். தலைக்கும் பாதுகாப்பு இல்லை. "உருண்டையாக, தாழ்வாக, கெட்டியாக ஒரு தொப்பி வேண்டும்" என்பது கோக்கின் தேவை.

கடைக்காரர்கள் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் சதர்க் பகுதியில் தொப்பி செய்து வந்த தாமஸ் பௌலர், வில்லியம் பௌலர் என்பவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். டிசம்பர் 17-ந் தேதி கோக் தொப்பியைப் பார்க்க வந்தார். வந்தவர் அதைத் தலையில் வைக்கவில்லை. தரையில் வைத்து, பூட்ஸ் காலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்தாராம்! தொப்பி அசைந்து கொடுக்கவில்லை. 12 ஷில்லிங்கை எண்ணி வைத்துவிட்டு வாங்கிப் போனார் என்பது அந்தக் கடையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு.

20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போன காந்தியடிகள், நாகரிகத்துக்காக உயரத் தொப்பி ஒன்றை 19 ஷில்லிங் கொடுத்து வாங்கியதாகவும் அது அதிக விலை என்றும் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தொப்பி யாருக்காக ஏற்பட்டது என்பது விளங்கும்.

பெயரில் குழப்பம்

பௌலர் என்றதும் கிரிக்கெட் பந்து வீச்சாளர் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செய்தவர்களின் குடும்பப் பெயரே தொப்பிக்கு ஒட்டிக் கொண்டது. ஆனால் கிரிக்கெட்டுக்கும் தொப்பிக்கும் வேறு உறவு உண்டு. 1858-ல் ஷெபீல்டு நகரில் ஸ்டீபன்சன் என்ற ஆட்டக்காரர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருக்காகப் பணம் வசூலித்துத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். 'ஹாட்-ட்ரிக்' என்ற சொல் அதிலிருந்து வந்ததே.

லாக் கடையில் மட்டும் இதைப் பௌலர் என்று சொல்வதில்லை. சொல்லிச் செய்யச் சொன்னவர் பெயரால் 'கோக்' என்பார்கள். எழுத்தில்தான் கோக், உச்சரிப்பில் 'குக்'. அமெரிக்காவில் 'டெர்பி'. பிரெஞ்சுக்காரருக்கு இது முலாம்பழம், 'மெலோன்' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'பொம்பின்'. தேடிப் போகிற சேகரிப்பாளர் இத்தனை பெயர்களையும் தெரிந்து வைத்திருந்தால்தான் கடைக்காரர் சொல்வது புரியும்.

தொப்பியைப் பார்த்தால் உத்தியோகம் தெரியும்

காவற்காரர்களுக்கென்று பிறந்த தொப்பி சீக்கிரமே ஊருக்குள் வந்துவிட்டது. அந்தக் கால இங்கிலாந்தில் வெறுந்தலையோடு தெருவில் நடப்பது மரியாதைக் குறைவு. தொழிலாளி துணிக் குல்லாய் போடுவார். முதலாளி உயரத் தொப்பி போடுவார். நடுவில் இருந்த மேஸ்திரிக்கும் குமாஸ்தாவுக்கும் பௌலர் அமைந்தது. கப்பல் கட்டும் தளத்தில் நூற்றுக்கணக்கான குல்லாய்களுக்கு நடுவே ஒரு பௌலர் வருகிறது என்றால், மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். மேலேயிருந்து ஆணியோ இரும்போ விழுந்தாலும் தலையைக் காக்கும் கெட்டித்தனம் அதில் இருந்தது கூடுதல் வசதி.

ரயில்வேயிலும் இதே வரிசைதான். லண்டனின் பெரிய நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் உயரத் தொப்பியோடு நின்று முக்கியப் பிரமுகர்களை வரவேற்பார். என்ஜினில் ஏறி டிரைவரின் வேலையைச் சோதிக்கும் லோகோ இன்ஸ்பெக்டர் பௌலர் அணிந்திருப்பார். கரிப்புகையும் கொதிநீரும் நிறைந்த இடத்தில் ஒரு கறுப்புத் தொப்பி தெரிந்தால், நிலக்கரி அள்ளுகிறவர் முதுகை நிமிர்த்திக் கொள்வாராம்.

கடல் கடந்தும் போயிற்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் அகன்ற விளிம்புள்ள கௌபாய்த் தொப்பியைத்தான் சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. ஆனால் 1900-ல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஒர்த் நகரில் புட்ச் காசிடியும் அவருடைய நான்கு கூட்டாளிகளும் எடுத்துக் கொண்ட புகழ்பெற்ற படத்தைப் பார்த்தால், அந்த ரயில் கொள்ளைக்காரர்கள் ஐவருமே தலையில் டெர்பியோடு கனவான்களாகக் காட்சி தருகிறார்கள்! வேகமாகக் குதிரை ஓட்டினாலும் ரயில் ஜன்னலில் தலையை நீட்டினாலும் பறக்காத தொப்பி என்பதால் அங்கே அதற்கு மவுசு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. மோட்டார் கார்களின் கூரை தாழ்ந்தது. இளைஞர்கள் தலைமுடியை வளர்த்துக் காட்டத் தொடங்கினார்கள். 1960-களில் லண்டன் வங்கிப் பகுதியில் மட்டும் பௌலரும் சுருட்டிய குடையும் தாக்குப் பிடித்தன. பிறகு அங்கேயும் அருகிப் போயின. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மே மாதம் லண்டன் ஹைடு பார்க்கில் குதிரைப் படையின் பழைய வீரர்கள் சாதாரண உடையில் அணிவகுக்கும்போதும், வட அயர்லாந்தில் ஜூலை 12-ந் தேதி ஊர்வலத்திலும் வரிசையாகப் பௌலர் தொப்பிகளைக் காணலாம்.

முயல் ரோமமும் நம் நாட்டு அரக்கும்

தொப்பியைச் சேர்ப்பவர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது அது செய்யப்படும் விதம். இது துணியும் அல்ல, தோலும் அல்ல. முயலின் மெல்லிய உள் ரோமத்தை எடுத்துக் காற்றில் பறக்கவிட்டு, துளைகள் உள்ள கூம்பின்மேல் படியச் செய்வார்கள். வெந்நீரும் அழுத்தமும் பட்டுப் பட்டு ரோமங்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கும். பெரிய கூம்பாக இருந்தது, கெட்டியான சிறிய கூம்பாகிவிடும். இதற்கு 'பெல்ட்' என்று பெயர். மரத்தாலான அச்சில் வைத்து நீராவி கொடுத்து உருண்டை வடிவம் வாங்குவார்கள். விளிம்பைச் சுருட்டி, பட்டு நாடா கட்டி, உள்ளே வியர்வை படும் இடத்தில் தோல் பட்டி வைத்துத் தைத்தால் தொப்பி தயார்.

இதெல்லாம் மற்றத் தொப்பிகளுக்கும் பொது. பூட்ஸ் காலால் மிதித்தும் நசுங்காத கெட்டித்தனம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் நம் நாடு வருகிறது. அந்தப் பொருள் அரக்கு!

பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகையை நாம் அறிவோம். புரசு, இலந்தை, வடக்கே குசும் என்று சொல்லும் மரம் ஆகியவற்றின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் ஒட்டிக் கொண்டு சாற்றை உறிஞ்சி, தங்கள் உடம்பைச் சுற்றிப் பிசினை வெளியிடும். இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சோட்டா நாகபுரி வட்டாரம் இதற்குப் பேர் போனது. காட்டு ஓரத்துக் குடியானவர்கள் கிளையை வெட்டி, பிசினைச் சுரண்டி, சந்தைக்குக் கொண்டு வருவார்கள். அதைக் கழுவி, நீண்ட துணிப் பையில் அடைத்து, நெருப்பின் முன் காட்டி முறுக்கிப் பிழிவார்கள். உருகி வழிவதைச் சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பற்களாலும் கூடப் பிடித்து அப்பளம் போல் விரிப்பார்கள். ஆறியதும் உடைத்தால் தேன் நிறச் செதில்கள். இதுவே 'ஷெல்லாக்'. கல்கத்தா துறைமுகம் வழியாக இது உலகெங்கும் போயிற்று. நம் தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டுகளும் இதனால் செய்தவையே. இந்தத் தொழிலுக்காக ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது.

அந்தச் செதில்களைச் சாராயத்திலோ வெண்காரம் கலந்த நீரிலோ கரைத்துத் தொப்பிக்கு ஊட்டுவார்கள். உலர்ந்ததும் மரம் போல் இறுகிவிடும். லண்டன் குமாஸ்தா மிடுக்காக அணிந்து போன தொப்பியின் எலும்பு, சோட்டா நாகபுரிக் காட்டில் பெயர் தெரியாத ஒரு குடியானவர் சுரண்டி எடுத்த பிசின் என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

உயிரைக் குடித்த ரசாயனம்

தொப்பித் தொழிலில் கறுப்புப் பக்கமும் உண்டு. முயல் ரோமம் நன்றாகப் பின்னிக் கொள்வதற்காக அதற்குப் பாதரசம் கலந்த நைட்ரேட் கரைசலைப் பூசுவார்கள். பூசியதும் ரோம நுனி காரட் நிறமாகும். பிறகு சூடும் நீராவியும் படும்போது பாதரசம் ஆவியாகிப் பட்டறைக் காற்றில் கலந்துவிடும். ஜன்னல் சாத்திய கூடத்தில் நாள் முழுவதும் நின்று வேலை செய்தவர்கள் அந்தக் காற்றையே சுவாசித்தார்கள்.

சில ஆண்டுகளில் கை நடுங்கும். எச்சில் பெருகும். பற்கள் ஆடும். பிறகு மனம் கெடும். காரணமில்லாத கோபம், வெட்கம், பயம். அமெரிக்காவில் தொப்பி நகரம் என்றே பெயர் வாங்கிய டான்பரியில் இந்த நோயை 'டான்பரி நடுக்கம்' என்றார்கள். 'தொப்பி செய்பவனைப் போலப் பைத்தியம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. 1865-ல் லூயிஸ் கரோல் எழுதிய 'ஆலிஸ்' கதையில் தொப்பிக்காரர் ஒருவர் வந்து கிறுக்குத்தனமாகப் பேசுவார். படிக்கிற குழந்தைகள் சிரிக்கின்றன. பட்டறையில் நின்ற தொழிலாளியின் மனைவிக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அமெரிக்காவில் இந்த வழக்கம் 1941-ல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைகள்!

சேகரிப்பாளருக்கு இது வெறும் சரித்திரம் அல்ல. பழைய ரோமத் தொப்பிகளில் பாதரசம் இன்னமும் தங்கியிருக்கிறது என்பதை அருங்காட்சியகங்கள் சோதித்துக் கண்டிருக்கின்றன. அங்கே கையுறை இல்லாமல் அவற்றைத் தொடுவதில்லை. வீட்டில் வைத்திருப்பவர்களும் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கக் கூடாது. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடைத்த அறையில் பல தொப்பிகளைக் குவித்து வைக்கக் கூடாது.

குறிகள் சொல்லும் வயது

இனி, அனுபவசாலிகள் தொப்பியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் தட்டுவது. நல்ல தொப்பி அடக்கமாக, முழுமையாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே அரக்கு வெடித்திருந்தால் சத்தம் பிசிறடிக்கும். அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. பூச்சி அரித்த இடம் ஊசி முனையளவு இருந்தாலும் தெரிந்துவிடும். பிறகு உள்பக்கம். தோல் பட்டியிலும் பட்டு உறையிலும் பொன் எழுத்தில் கடையின் பெயரும் விலாசமும் இருக்கும். சில தொப்பிகளில் சொந்தக்காரரின் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும்.

அரச குடும்பத்துக்குப் பொருள் தரும் கடைகள் அந்த முத்திரையைப் போட்டுக் கொள்வது வழக்கம். முத்திரை அரசிக்கு உரியதானால், விக்டோரியா காலமாக இருந்து 1901-க்கு முந்தியதாக இருக்கலாம். அல்லது எலிசபெத் அரசியின் 1952 முதல் 2022 வரையான காலமாக இருக்கலாம். நடுவில் இருப்பது மன்னர்களின் காலம். விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. 1971-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி இங்கிலாந்தில் தசம நாணயம் வந்தது. ஷில்லிங்கில் விலை எழுதியிருந்தால் தொப்பி அதற்கு முந்தியது என்பது நிச்சயம்.

அளவும் கவனிக்கத் தக்கது. ஆங்கில அளவில் 7 1/8 என்றால் தலையின் சுற்றளவு சுமார் 58 சென்டிமீட்டர். அதையே அமெரிக்கர் 7 1/4 என்று எழுதுவார்கள். இது தெரியாமல் தபாலில் வரவழைத்து ஏமாந்தவர்கள் உண்டு. சந்தைக்கு வரும் பழைய தொப்பிகளில் சிறிய அளவுகளே மிகுதி. பெரிய தலைக்காரருக்குப் பொறுமை வேண்டும்!

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் போல் இருந்தன. 1773-ல் தொடங்கிய கிறிஸ்டி கம்பெனியும், பேட்டர்ஸ்பி கம்பெனியும் அங்கே பெரிய ஆலைகள் நடத்தின. 1997-ல் அந்த ஊரில் தொப்பித் தொழிலே நின்றுவிட்டது. 2000-ல் பழைய பஞ்சாலைக் கட்டிடம் ஒன்றில் தொப்பிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊரில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று இயந்திரங்களைப் பார்க்கிறார்கள்.

விலை என்ன?

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்ற கணக்கு எல்லாத் தொப்பிக்கும் பொருந்தாது. 1987-ல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சாப்ளினின் பௌலரும் பிரம்பும் சேர்ந்து 82,500 பவுனுக்குப் போயின. அது தொப்பியின் விலை அல்ல, சாப்ளினின் விலை. பெயர் தெரியாத குமாஸ்தாவின் தொப்பியைச் சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கிவிடலாம். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களோடு நின்றுவிடவில்லை.

ஓவியர்களையும் இந்தத் தொப்பி விடவில்லை. பெல்ஜிய ஓவியர் மாக்ரித் தமது படங்களில் பௌலர் அணிந்த மனிதர்களை ஓயாமல் வரைந்தார். அவர் 1953-ல் வரைந்த ஓவியம் ஒன்றில் ஒரே மாதிரிக் கோட்டும் ஒரே மாதிரித் தொப்பியுமாக எண்ணற்ற மனிதர்கள் மழைத்துளிகளைப் போல் வானில் நிற்கிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'கோல்கொண்டா'. ஆம், நம் ஐதராபாத் அருகே இருக்கும் வைரக் கோட்டையின் பெயரேதான்! அது இப்போது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருக்கிறது.

இன்றும் அணியும் பெண்கள்

ஆண்கள் கழற்றி வைத்த தொப்பியை விடாமல் அணிகிறவர்கள் தென் அமெரிக்கப் பெண்கள். பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரில் அய்மாரா, கெச்சுவா இனப் பெண்கள் இரட்டைப் பின்னல், பல அடுக்குப் பாவாடை, சால்வை, அதற்குமேல் ஒரு பௌலர் என்று கடைவீதிக்கு வருகிறார்கள். ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் வந்த தொப்பிகள் சிறியவையாகிப் போனதால், வியாபாரி ஒருவர் "பெண்கள் அணிவது இதுதான்" என்று சொல்லி உள்ளூர்ப் பெண்களிடம் விற்றுவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. 1920-களில் தொடங்கிய பழக்கம். இத்தாலியின் பார்சலினோ கம்பெனி நெடுங்காலம் இவர்களுக்காகவே தொப்பி செய்து அனுப்பியது. தொப்பியை நேராக வைத்தால் மணமானவள், சாய்த்து வைத்தால் மணமாகாதவள் என்றும் சொல்வார்கள். நம் ஊரில் மெட்டியைப் பார்த்துத் தெரிந்து கொள்வதில்லையா, அது போல.

ஒரு காலத்தில் அந்தப் பெண்களை அதே உடைக்காக ஏளனம் செய்து ஓட்டல்களிலும் அலுவலகங்களிலும் ஒதுக்கி வைத்தார்கள். இன்று அதே தொப்பியோடு அவர்கள் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். காவற்காரர்களின் தொப்பிக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடைத்ததில்லை எனலாம்.

தலையின் வரைபடம்

சேகரிப்பாளர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறது. அது விலையைப் பற்றியதல்ல.

மென்மையான தொப்பி எந்தத் தலைக்கும் வளைந்து கொடுக்கும். அரக்கு ஏறிய பௌலர் கொடுக்காது. மனிதத் தலைகளில் சரியான வட்டம் எதுவும் இல்லை. ஒருவருக்கு நெற்றிப் பக்கம் புடைத்திருக்கும், ஒருவருக்கு இடப்பக்கம் ஒடுங்கியிருக்கும். ஆகவே நல்ல கடைகளில் தலையை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது, பெயர் 'கன்பார்மேட்டர்'. டைப்ரைட்டரைப் பிரித்துத் தலையில் கவிழ்த்தது போல் இருக்கும். சுற்றிலும் உள்ள கட்டைகள் தலையின் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி நகர, மேலே உள்ள ஊசிகள் ஒரு சீட்டில் தலையின் வடிவத்தைச் சிறிதாகக் குத்திக் காட்டும். அந்தச் சீட்டைப் பார்த்து, தொப்பியின் விளிம்பைச் சூடாக்கி அரக்கை இளக்கி, அந்த ஒரு தலைக்கென்றே வளைப்பார்கள். ஆறினால் அந்த வடிவம் நிலைத்துவிடும். லாக் கடையில் புகழ் பெற்ற வாடிக்கையாளர்களின் சீட்டுகளை இன்றும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவருடைய தலையின் வடிவம், அவர் பெயரே மறைந்து போன பின்னும், தொப்பிக்குள் அப்படியே இருக்கிறது. புகைப்படம் எடுத்துக்கொள்ள வசதியில்லாத எத்தனையோ மேஸ்திரிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் உலகில் மிஞ்சிய ஒரே சாயல் அதுவாகவும் இருக்கலாம்.

இப்போது வாங்கியவருக்கு அந்தத் தொப்பி பொருந்தவில்லை. நெற்றியில் குத்துகிறது. பழையபடி சூடு காட்டித் தன் தலைக்கு வளைத்துக் கொள்ளலாம். தெரிந்த கைக்குச் சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடத்தில் பழையவரின் தலை மறைந்துவிடும். "தொப்பி அணிவதற்கே. பெட்டியில் பூட்டினால் அது பிணம்" என்கிறது ஒரு கட்சி. "அணிய வேண்டுமானால் புதிதாக வாங்கு. பழையதில் கை வைக்காதே" என்கிறது மறு கட்சி. வியர்வைக் கறை படிந்த தோல் பட்டியைப் பிரித்துப் புதியது தைப்பதிலும் இதே சண்டை உண்டு. பட்டியை மாற்றினால் அழகு வரும்; முதலெழுத்துகள் போய்விடும்.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பாதரச ஆபத்தை நினைத்தால், சூடு காட்டாமல் விடுவதே உடம்புக்கும் நல்லது. வைத்துக் காப்பாற்றுவதற்குப் பெரிய செலவும் இல்லை. விளிம்பு கீழே படாமல் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு, அதாவது உச்சி கீழே இருக்கும்படி, பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் அரக்கு இளகிக் கோணிவிடும். மென்மையான பிரஷ்ஷால் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் துடைத்தால் ரோமம் படியும். தண்ணீர் கூடாது.

அப்படியும் அணிந்தே தீருவேன் என்பவர் ஒன்று செய்யலாம். சூடு காட்டுவதற்கு முன்பு தொப்பியின் உள்விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்து, பட்டியில் உள்ள முதலெழுத்துகளையும், வாங்கிய ஊரையும் தேதியையும் அதே தாளில் எழுதி, பெட்டிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். தாள் கால் பைசாவுக்கும் பெறாது. ஆனால் அதில் இருப்பது ஒரு மனிதரின் தலை.